2010 ஸ்விஃப்ட்: கிலோமீட்டருக்கு 7 ரூபாய்தானா?

உங்கள் 2010 ஸ்விஃப்ட் காரில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கிடைக்கிறது, அதனால் கிலோமீட்டருக்கு 7 ரூபாய்தான் ஆகிறது என்கிறீர்கள். அது பெட்ரோல் கணக்கு மட்டும், நண்பரே. அந்த 14-ஐயும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். டேங்கை நிரப்பி டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அப்புறம் அதே பங்க்கில் ஆட்டோ கட் ஆகும்வரை மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இப்போது போட்ட லிட்டரால் வகுத்தால் போதும்.

நீங்கள் ஓட்டுவது வருடத்துக்கு 5,000 கிலோமீட்டர். இங்கேதான் சிக்கல். வண்டி ஓடினாலும் நின்றாலும் சில செலவுகள் வந்தே தீரும். 1,000 சிசிக்கு மேல் என்பதால் மூன்றாம் நபர் காப்பீடு 3,416 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்தால் சுமார் 4,000. 15 வருடம் தாண்டியதற்கு ஆர்சி (பதிவுச் சான்று) புதுப்பிப்புக் கட்டணம் 5,000. ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் ஆயிரம். பழைய வண்டிகளுக்கான பசுமை வரி தனி. டயர் தேயாவிட்டாலும் ஐந்தாறு வருடத்தில் பக்கவாட்டில் வெடிப்பு விடும், அதற்கு வருடம் 4,000 ஒதுக்குங்கள். பேட்டரிக்கு 1,500, சர்வீஸுக்கு 8,000.

எல்லோரும் விட்டுவிடுவது ரிப்பேர். கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ், ரேடியேட்டர், ஏசி கம்ப்ரஸர் எல்லாம் ஒரே வருடத்தில் போகாது, ஆனால் வருடம் ஒன்றாவது போகும். நானாக இருந்தால் 15,000 வைப்பேன்.

பசுமை வரியை விட்டுவிட்டுக் கூட்டினால் வருடத்துக்கு 33,500, அதாவது கிலோமீட்டருக்கு 6.70. பெட்ரோலோடு கிட்டத்தட்ட 14 ரூபாய்.

இதற்காக வண்டியை விற்க வேண்டாம். புது வண்டிக்கு முதல் வருட விலைச்சரிவே இந்தத் தொகையைத் தாண்டும். ஆனால் எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்முன் லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். சேஸிஸ் அரித்திருந்தால் மேலே சொன்ன கணக்கு செல்லாது, வண்டியை விற்றுவிடுங்கள்.