36 அல்ல, 72 மணித்தியாலம்

அக்கா, மெல்பேர்னில் கணவருக்கு முழுநேர வேலை, உங்களுக்குக் கிழமையில் ஒரு நாள் 7 மணித்தியால வேலைதான், அதனால் பிள்ளையை டேகெயாரில் (பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில்) விட இரண்டு கிழமைக்கு 36 மணித்தியாலம்தான் அரசு மானியம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது பழைய கணக்கு. 2026 ஜனவரி 5 முதல், மானியத்துக்குத் தகுதியுள்ள குடும்பத்துக்கு வேலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், பிள்ளை ஒன்றுக்கு இரண்டு கிழமைக்கு 72 மணித்தியாலம் உண்டு.

இரண்டு கிழமைக்கு 100 மணித்தியால மானியம் வேண்டுமென்றால்தான் வேலை நேரக் கணக்கு. அங்கே எல்லோரும் தடுமாறுவது இதில்தான்: இருவரின் நேரத்தையும் கூட்ட மாட்டார்கள், யாருக்குக் குறைவோ அவருடையதைத்தான் எடுப்பார்கள். கணவர் எவ்வளவு நேரம் வேலை செய்தாலும், நீங்களும் இரண்டு கிழமையில் 48 மணித்தியாலத்தைத் தாண்ட வேண்டும். வேலையோடு படிப்பும் சேரும். நேரம் கூடினால் சென்டர்லிங்க் (அரசு உதவிப்பணச் சேவை) கணக்கில் உடனே மாற்றிவிடுங்கள், தானாக ஏறாது.

கொழும்பு வெள்ளவத்தையில் மாதக் காசு கொடுத்துவிட்டு வருவது போலல்ல அங்கே. பிள்ளை 6 மணித்தியாலம்தான் நின்றாலும், டேகெயார் 12 மணித்தியால நாளாகப் போட்டால் மானிய நேரத்தில் 12ம் கழியும். அப்படியென்றால் 72 என்பது கிழமைக்கு 3 நாள். 10 மணித்தியாலமாகப் போடும் இடம் கிடைத்தால் இரண்டு கிழமையில் ஒரு நாள் கூடுதலாக வரும். சேர்க்க முதல் இதைக் கேளுங்கள்.

வருமானத்தைப் பற்றியும் கேட்டீர்கள். அது மணித்தியாலத்தை மாற்றாது, எத்தனை வீதம் அரசு கட்டும் என்பதைத்தான் மாற்றும்.