இடித்த வீட்டு வெள்ளைக் கட்டியும் செத்துப்போன டெட்ராவும்

கேள்வி: ஐயா, எனக்கு தேவகோட்டை பக்கம் ஒரு கிராமம். சிமெண்டுத் தொட்டியில் கப்பி, மோலி என்ற அலங்கார மீன்களை வளர்த்து காரைக்குடிக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். வாங்க வருகிறவர்கள் பார்க்கட்டுமே என்று திண்ணையில் 100 லிட்டர் கண்ணாடித் தொட்டி ஒன்று வைத்தேன். வயலில் எடுத்த செம்பூராங்கல், கண்மாய்க் கரையில் கிடந்த வேர்க்கட்டை, இடித்த பழைய வீட்டில் எடுத்த வழவழப்பான வெள்ளைக் கட்டிகள், காய்ந்த பாதாம் இலை எல்லாவற்றையும் அரை மணி நேரம் கொதிக்க வைத்துத்தான் உள்ளே போட்டேன். தண்ணீர் டீ நிறமாகிவிட்டது. கட்டை மேல் வெள்ளையாக, கொழகொழவென்று ஏதோ படிந்திருக்கிறது. ஆறே நாளில் நியான் டெட்ரா எல்லாம் செத்துவிட்டன. மோலிக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டையில்தான் விஷம் இருக்குமா?

பதில்: தம்பி, கட்டையை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த வெள்ளைக் கட்டிகளை வெளியே எடுங்கள்.

மோலி பிழைத்து டெட்ரா செத்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் துப்பு இருக்கிறது. டெட்ரா அமேசான் பக்கத்து ஓடைகளில் பிறந்த மீன். உப்புச் சத்து குறைந்த, லேசான புளிப்புத் தன்மையுள்ள தண்ணீர் அதற்குப் பழக்கம். மோலிக்கு நேர்மாறாகச் சுண்ணாம்புச் சத்து ஏறிய தண்ணீர்தான் பிடிக்கும். ஒரே தொட்டியில் ஒன்று துள்ளி விளையாட, இன்னொன்று சாகிறது என்றால் தண்ணீரில் காரம் (புளிப்புக்கு எதிரான தன்மை) ஏறியிருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். பூச்சிமருந்து விஷமாக இருந்திருந்தால் மோலியும் தப்பியிருக்காது.

நம் பக்கத்துப் பெரிய வீட்டுச் சுவர்ப் பூச்சு எதனால் ஆனது? கிளிஞ்சல் சுண்ணாம்பும் மணலும் அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்தது. கண்ணாடி போலப் பளபளக்கும், கைக்குக் கல் போலவே இருக்கும். நூறு வருஷம் ஆனாலும் அது சுண்ணாம்புதான். தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பி.எச். அளவை, அதாவது தண்ணீர் புளிப்பா காரமா என்று காட்டும் எண்ணை (7-க்கு மேல் போனால் காரம்), ஏற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் பாதாம் இலையும் போட்டிருக்கிறீர்கள். இலை தண்ணீரைப் புளிப்பாக்கப் பார்க்கும், கட்டி அதை முறித்துக் காரமாக்கும். கடைசியில் ஜெயிப்பது கட்டிதான்.

காரம் ஏறினால் அதோடு போகாது. மீன் கழிவில் வரும் அம்மோனியாவில் எவ்வளவு பங்கு விஷமாக மாறும் என்பதை பி.எச். அளவும் சூடும்தான் தீர்மானிக்கின்றன. 28 டிகிரி சூட்டில் பி.எச். 7 இருந்தால் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. பி.எச். 8 ஆனால் 6 பங்குக்கு மேல் போய்விடும். புதுத்தொட்டியில் அம்மோனியாவைத் தின்னும் நுண்ணுயிர்கள் இன்னும் வளர்ந்திருக்காது, நம் ஊர் வெயிலும் சேர்ந்தால் சின்ன மீன் எப்படித் தாங்கும்?

"கொதிக்க வைத்துத்தான் போட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். கொதிக்க வைத்தால் பூச்சி, முட்டை, நத்தை, பூஞ்சை சாகும். சுண்ணாம்போ, பூச்சிமருந்தோ, வார்னிஷோ அதற்கு அசையாது. ஆகவே எதை எடுத்தாலும், அடுப்பைப் பற்றவைக்கும் முன் இது எங்கே கிடந்தது, எதோடு பழகியது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்லைச் சோதிக்க ஒரு சொட்டு வினிகர் போதும். கல்லைக் காயவைத்து, கத்தி முனையால் ஓரிடத்தில் மேல்தோலைச் சுரண்டி, புதுசாகத் தெரியும் இடத்தில் விடுங்கள். காதைக் கிட்டே வைத்தால் சுண்ணாம்புக் கல் மெல்லச் சுர்ரென்று சத்தம் போடும். சொட்டின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக் குமிழிகள் வரிசையாக எழும். வினிகர் வீரியம் குறைந்தது என்பதால் சில கற்களில் குமிழி தெரியாமலும் போகும். எனவே இரண்டு வாளி எடுத்து ஒரே கிணற்றுத் தண்ணீரை நிரப்புங்கள். ஒன்றில் கல்லைப் போடுங்கள், மற்றது வெறும் தண்ணீராகவே இருக்கட்டும். ஒரு வாரம் கழித்து, கடையில் விற்கும் சொட்டு மருந்துச் சோதனையால் இரண்டின் பி.எச். பாருங்கள். கல் போட்ட வாளி ஏறியிருந்தால் அந்தக் கல் டெட்ராத் தொட்டிக்கு ஆகாது. பாத்ரூம் ஆசிட் ஊற்றிச் சோதிப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் இஷ்டமில்லை. பிளீச்சிங் பவுடர் பக்கத்தில் இருந்து இரண்டும் கலந்துவிட்டால் கிளம்பும் புகை ஆளையே சாய்த்துவிடும்.

இதே கணக்கில் சலவைக்கல் துண்டு, கிளிஞ்சல், சிப்பி எல்லாம் சுண்ணாம்புக் கூட்டம்தான். உடைந்த ஆத்தங்குடி டைல்ஸ் அழகாக இருக்கிறதென்று சிலர் தரையில் பதிக்கிறார்கள். அதுவும் சிமெண்டும் சாயமும்தானே? புதுச் சிமெண்டுத் தொட்டியை எத்தனை முறை நிரப்பி வடித்த பிறகு மீன் விடுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியாததா! கருங்கல், வர்ணம் பூசாத மானாமதுரைப் பானை ஓடு, நார் நீக்கி வேகவைத்த கொட்டாங்கச்சி ஆகியவை கவலையில்லாதவை.

செம்பூராங்கல் பெரும்பாலும் தண்ணீரைக் கெடுக்காது. ஆனால் உதிரும், முனையும் கூர்மை. தொட்டிக்குள் வைக்கும் முன் தண்ணீருக்கடியில் பிரஷால் தேய்த்து உதிர்கிறதா என்று பாருங்கள். அதை மட்டும் இனி அடுப்பில் ஏற்றாதீர்கள் தம்பி. துளைத்துளையான கல், உள்ளே நீர் தங்கியிருக்கும், சூடேறினால் வெடிக்கலாம். தேய்த்துக் கழுவி, மேலே வெந்நீர் ஊற்றி, வெயிலில் காயவிட்டால் போதும்.

இனி கட்டை. டீ நிறம் மரத்திலும் இலையிலும் உள்ள துவர்ப்புச் சத்து. மீனுக்குக் கெடுதல் இல்லை, டெட்ராவுக்குப் பிடித்ததும்கூட. வெள்ளைப் படலம் புதுக்கட்டையில் முதல் சில வாரம் வரும் நுண்ணுயிர்ப் படிவு, பழைய பல் பிரஷால் தேய்த்துவிடுங்கள். நான் கேட்பது வேறு: அது என்ன மரம்? வயல் வடிகால் விழும் இடத்தில் கிடந்ததா? மீன்குளத்தில் வேண்டாத மீனைக் கொல்ல நாமே இலுப்பைப் புண்ணாக்கு போடுகிறோம். அதுவும் நம் கோயில் மரத்து விதையில் வருவதுதான். காட்டில் விளைந்தது என்பதாலேயே மீனுக்கு நல்லது ஆகிவிடாது. பால் வடியும் கள்ளி, அரளி, புங்கன் வேர், வேம்பு, பிசின் ஒழுகும் மரம் எதுவும் வேண்டாம். பெயர் தெரியாத வேரை நான் போடமாட்டேன். கொய்யாக் கட்டை நல்லது. தானாகக் காய்ந்து, பட்டை உரிந்து, நகத்தால் அழுத்தினால் பதியாத அளவுக்கு இறுகியதாக இருக்க வேண்டும். அதை இரண்டு மணி நேரம் வேகவைத்து, பிறகு மூன்று வாரம் வாளியில் ஊறவிட்டு, இரண்டு நாளுக்கொரு முறை தண்ணீர் மாற்றுங்கள். அழுகல் நாற்றம் வந்தால் அடுப்புக்குப் போகட்டும். வராவிட்டால் உங்கள் தொட்டியிலிருந்து இரண்டு கப்பியை அந்த வாளியில் ஒரு வாரம் விட்டுப் பார்த்த பின்பு எடுத்து வையுங்கள்.

பழைய வீட்டுத் தேக்குத் துண்டு மட்டும் வேண்டவே வேண்டாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. உடைந்த தூண் போதிகை (தூணின் தலைப்பகுதி) ஒன்றை, கடைந்த வேலைப்பாட்டுக்காகவே வாங்கி, வேகவைத்து, தொட்டியில் இறக்கினேன். விடிவதற்குள் ஒரு மீன்கூட மிஞ்சவில்லை. கரையானுக்கு மருந்தடித்த மரம் என்று பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். குளோர்பைரிபாஸ் போன்ற கரையான் மருந்து மீனுக்கு மிகச் சொற்ப அளவிலேயே எமன்.

பாதாம் இலை நல்ல தேர்வு. பச்சையாகப் பறிக்காமல், தானாக உதிர்ந்து பழுப்பானதை, சாலையோரமும் மருந்தடிக்கும் தோட்டமும் இல்லாத இடத்தில் எடுங்கள். உங்கள் தொட்டிக்கு மூன்று இலை போதும்.

இப்போது கட்டிகளை எடுத்துவிட்டு, தினம் கால் பங்கு தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். முழுவதும் ஒரே நாளில் மாற்றினாலோ, வினிகர் ஊற்றி பி.எச். இறக்கப் பார்த்தாலோ, தாங்கி நிற்கும் மோலியும் திடீர் மாற்றத்தில் போய்விடும். புது டெட்ரா வாங்குவதை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். அந்த இரண்டு வாளி அளவையும், கட்டை என்ன மரம் என்று ஊர்ப் பெரியவர்களிடம் விசாரித்ததையும் எழுதி அனுப்புங்கள்.