பொனோபோ சாதுவா?

வணக்கம் ஐயா,

எங்கள் கோயில் மகளிர் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பொனோபோ என்ற வாலில்லாக் குரங்கினத்தில் பெண்கள் ஆட்சிதானாம், சண்டையே கிடையாதாம், எல்லாம் அன்புமயமாம். மனிதர்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் லயத்துக்குப் பின்னால் செம்பனையில் திரியும் பெரோக் குரங்குகளில் பெரிய கடுவன் வந்தால் மற்றதெல்லாம் ஒதுங்கிவிடும். பொனோபோ மட்டும் எப்படி வேறு மாதிரி ஆனது? அடுத்தவர் மனதில் இருப்பது அதற்குத் தெரியும் என்கிறார்களே, அது உண்மையா?

கலைவாணி, ஆயர் தாவார்

அன்புள்ள கலைவாணி,

உங்கள் சந்தேகம் நியாயமானது. பெண்களின் கை ஓங்கியிருப்பது உண்மைதான். சண்டையே கிடையாது என்பது யாரோ ஆசைப்பட்டு எழுதியது.

பொனோபோ காங்கோ ஜனநாயகக் குடியரசில், காங்கோ ஆற்றுக்குத் தெற்கே மட்டும் வாழ்கிறது. அங்குள்ள கோகோலோபோரிக் காட்டின் பொனோபோ ஆண்களையும் தான்சானியாவின் கோம்பே சிம்பன்சி ஆண்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2024இல் வெளியானது. ஒவ்வோர் ஆணையும் பின்தொடர்ந்து போய், அது வம்புக்குப் போனதையெல்லாம் குறித்துக்கொண்டார்கள். பொனோபோ ஆண்கள் சிம்பன்சிகளைவிட 2.8 மடங்கு அதிகமாக வம்பு செய்திருந்தன. துரத்தல், தள்ளல், கடி எல்லாம் உண்டு. ஆனால் அநேகமாக எல்லாம் ஆணுக்கும் ஆணுக்கும் நடந்தவை, அதுவும் ஒண்டிக்கு ஒண்டி. சிம்பன்சி ஆண்கள் ஆள் சேர்த்துக்கொண்டு தாக்கும், சில நேரம் கொலை வரை போகும். பெண்களையும் அடிக்கும்.

பொனோபோ ஆண் பெண்ணிடம் வாலாட்டாததற்கு நல்ல குணம் காரணமல்ல. உடலளவில் ஆண்தான் பெரியது. ஆனால் ஒரு பெண்ணைச் சீண்டினால் மற்ற பெண்கள் கத்திக்கொண்டு திரண்டு வந்துவிடும், அப்புறம் அந்த ஆண் ஓட வேண்டியதுதான். ஆறு கூட்டங்களில் முப்பது வருடமாகச் சேர்த்த பதிவுகளை வைத்து 2025இல் வந்த ஆய்வில், பெண்கள் கூட்டுச் சேர்ந்த தருணங்களில் 85 விழுக்காடு ஆண்களுக்கு எதிராகத்தான். கூட்டு அடிக்கடி சேரும் இடங்களில் பெண்களின் கை மேலே நிற்கிறது. கூட்டு தளர்ந்த இடங்களில் அப்படி இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், இந்தப் பெண்கள் அக்கா தங்கைகள் இல்லை என்பது. பொனோபோவில் மகள் பருவம் வரும்போது பிறந்த கூட்டத்தை விட்டுப் போய்விடும், மகன் அம்மாவோடு தங்கிவிடும். உங்கள் பெரோக் இதற்கு நேர் எதிர். அதில் மகள் தங்கும், மகன் வெளியேறும். அதனால் அங்கே பெண்கள் ஒன்றையொன்று தாங்குவது ரத்த சொந்தத்துக்காக. பொனோபோ பெண்களோ வந்த இடத்தில், சொந்தமில்லாத பெண்களோடு உறவை உண்டாக்கிக்கொள்கின்றன. பேன் பார்த்து, கூடவே உட்கார்ந்து, அப்புறம் வாட்ஸ்அப் செய்தி 'அன்பு' என்று போர்த்தி மூடிய காமத்தாலும்தான். பழுத்த மரத்துக்கு வந்து சேர்ந்தால் யார் முதலில் தின்பது என்று ஒரு பதற்றம் எழும். இரண்டு பெண்கள் கட்டிப்பிடித்து உறுப்போடு உறுப்பு உரசிக்கொள்ளும், பிறகு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும். முகம் சுளிக்க இதில் ஒன்றுமில்லை, அவற்றின் நாள் அப்படித்தான் ஓடுகிறது.

மகன் என்று வந்தால் அம்மாக்கள் வேறு. அம்மா அதே கூட்டத்தில் இருக்கும் ஆணுக்குத் தகப்பனாகும் வாய்ப்பு மற்ற ஆண்களைப் போல் சுமார் மூன்று மடங்கு. மகன் ஜோடியோடு இருக்கும்போது இன்னோர் ஆண் குறுக்கே வந்தால் அம்மாவே போய் விரட்டும். பையனுக்குப் பெண் பார்க்கும் நம்மூர் அம்மாக்கள் பரவாயில்லை, கல்யாணத்தோடு கொஞ்சமாவது நிறுத்திக்கொள்கிறார்கள்.

சரி, மனம். அமெரிக்காவின் அயோவாவில் நடந்த ஒரு சோதனை 2025இல் வெளியானது. மூன்று கோப்பைகள், அதில் ஒன்றின் கீழே தின்பண்டம். ஒளித்து வைப்பதைப் பொனோபோ பார்க்கிறது. அதை எடுத்துக் கொடுக்க எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர் சில தடவை பார்ப்பார், சில தடவை ஒரு தடுப்பு அவருக்கு மறைத்துவிடும். அவருக்குத் தெரியாதபோது பொனோபோ சீக்கிரமாகவும், கூடுதலாகவும் விரலை நீட்டிச் சரியான கோப்பையைக் காட்டியது. தனக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியவில்லை என்பது அதற்குப் புரிந்திருக்கிறது. ஆனால் சோதித்தது மூன்றே மூன்றைத்தான், மூன்றும் மனிதர்களோடு வளர்ந்தவை. அவற்றில் ஒன்று கான்சி. வளர்ப்புத் தாய்க்கு, சொற்களுக்குப் பதிலாகக் குறிகள் உள்ள குறியீட்டுப் பலகையில் பாடம் நடந்தபோது பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தே, யாரும் சொல்லித்தராமல் அதைக் கற்றுக்கொண்ட கெட்டிக்காரன். 2025 மார்ச்சில் 44 வயதில் இறந்துபோனது. இதை வைத்துக் காட்டில் இருப்பவை எல்லாம் இப்படித்தான் என்று சொல்ல நான் தயாரில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2018இல் வந்த ஓர் ஆய்வில் பொனோபோக்களுக்குக் கார்ட்டூன் காட்டினார்கள். மேடு ஏற முடியாமல் திணறும் ஒரு உருவத்தை இன்னொன்று மேலே தள்ளிவிடுகிறது, வேறொன்று கீழே தள்ளுகிறது. பிறகு அந்த இரண்டு உருவங்களையும் காகிதத்தில் வெட்டி, தின்பண்டத்தோடு சேர்த்து எதிரே நீட்டினார்கள். நம் கைக்குழந்தைகள் இப்படிப்பட்ட சோதனைகளில் உதவியதைத்தான் தேடும் என்பார்கள். பொனோபோக்கள் கீழே தள்ளியதன் பக்கம் கை நீட்டின. அடுத்ததைத் தடுக்கிற ஆள் பெரிய ஆளாக இருக்கும், அதோடு ஒட்டிக்கொள்வதே லாபம் என்று அவை நினைப்பதாக ஆய்வாளர்களின் ஊகம். எனக்கும் அப்படித்தான் படுகிறது, ஏனென்றால் இந்தப் பழக்கம் தெளிவாகத் தெரிந்தது வளர்ந்த பொனோபோக்களிடம்தான்.

அன்புடன்.