வகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சம்

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். காலையில் கொடுத்து அனுப்பும் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வருகிறது. கேட்டால், "குடிச்சா நடுவுல எழுந்து போகணும், சார்கிட்ட கேட்கக் கூச்சமா இருக்கு, பசங்க சிரிப்பாங்க" என்கிறாள். இந்த வருடம் இரண்டு முறை 'அங்கே' எரிச்சல், போன வாரம் காய்ச்சலும். சூடு என்று இளநீர் கொடுத்தேன். டாக்டரிடம் போகணுமா?
– ஒரு தாய், விருதுநகர்

பதில்: போகணும், நாளைக்கே. எரிச்சலோடு காய்ச்சலும் வந்திருந்தால், சிறுநீர்ப்பையில் தொடங்கிய தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். இளநீர் குடிக்கட்டும், ஆனால் அது கிருமியைக் கொல்லாது. சிறுநீரைப் பரிசோதித்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும். வளர்ந்த பெண்ணுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் 4 செ.மீ. நீளம்தான், ஆணுக்கு அதைப்போல நான்கைந்து மடங்கு. கிருமி உள்ளே ஏற அவ்வளவு கிட்டத்தில் வழி இருக்கிறது, அதை அவ்வப்போது கழுவி வெளியே தள்ளுவது சிறுநீர்தான், அதையும் காலையிலிருந்து சாயங்காலம் வரை அடக்கி வைத்தால் கிருமிக்குப் பெருகுவதற்கு நாள் முழுக்க நேரம் கிடைக்கிறது.

இன்னொன்றும் சொல்லணும், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தில் 'சிறுநீர்' என்ற வார்த்தையே இல்லை. 'அங்கே' என்று எழுதியிருக்கிறீர்கள். நம் இலக்கணத்தில் இதற்கு இடக்கரடக்கல் என்று பெயரே உண்டு, 'கால் கழுவி வந்தான்' என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். நாலு பேர் நடுவே அப்படிப் பேசுவது நாகரிகம்தான், ஆனால் பெற்ற தாயிடம் கூட ஒரு பெண் தன் வலியைப் பெயர் சொல்லிச் சொல்ல முடியாமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டில் சிறுநீர், மலம், மாதவிடாய் என்று சாதாரணமாகப் பேசுங்கள். முதல் இரண்டு நாள் உங்களுக்கே நாக்கு கூசும், அப்புறம் பழகிவிடும்.

பள்ளிக்கும் ஒருமுறை நேரில் போங்கள். கூச்சம் என்று பிள்ளை சொன்னாலும், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா, நாப்கின் போடத் தொட்டி இருக்கிறதா என்று நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். வகுப்பாசிரியரிடம், கேட்ட உடனே அனுப்பச் சொல்லி எழுதியே கொடுங்கள்.

நாளைக்கு டாக்டர் கேட்கும்போது நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டாம். எத்தனை நாளாக எரிச்சல், என்ன நிறத்தில் போகிறது, இடுப்புக்கு மேலே முதுகு வலிக்கிறதா என்பதை அவளே சொல்லட்டும்.