சார்ட்டுக்குள் சிஎஸ்எஸ் ஏன் நுழைவதில்லை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சார்ட் வரையும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான சார்ட்.ஜேஎஸ்ஸில் ஒரு பார் சார்ட் போட்டேன். பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் என்ன எழுதினாலும் பார்களின் நிறம் மாறவில்லை. மற்ற விதிகளை மீறவைக்கும் !இம்பார்ட்டன்ட் கூடச் சேர்த்துப் பார்த்துவிட்டேன்.

மாறாது. சார்ட்.ஜேஎஸ் கேன்வாஸில் வரைகிறது. பிரவுசருக்கு கேன்வாஸ் என்பது ஒரே ஒரு எலிமென்ட்தான். உள்ளே இருக்கும் பார், கோடு, எழுத்து எல்லாம் வெறும் பிக்சல்கள். சுவரில் வரைந்த ஜன்னலுக்குத் திரைச்சீலை மாட்ட முடியாதல்லவா, அந்தக் கதைதான். நிறத்தை டேட்டாசெட்டில் பேக்ரவுண்ட்கலர், பார்டர்கலர் என்ற ஆப்ஷன்களில் கொடுங்கள்.

எஸ்விஜியில், அதாவது ஒவ்வொரு வடிவத்தையும் தனி டேகாக எழுதும் முறையில், வரையும் லைப்ரரி என்றால் நிலைமை வேறு. ஹைசார்ட்ஸ் அப்படித்தான், டி3-யிலும் பெரும்பாலோர் எஸ்விஜிதான் வரைகிறார்கள். அங்கே ஒவ்வொரு பாரும் தனி எலிமென்ட் என்பதால் கிளாஸ் வைத்துப் பிடிக்கலாம், ஹோவர் கூட வேலை செய்யும். ஆனால் பேக்ரவுண்ட் கலர் என்று எழுதினால் அங்கேயும் ஒன்றும் நடக்காது. உள்நிறத்துக்கு ஃபில், ஓரத்துக்கு ஸ்ட்ரோக். எழுத்தின் நிறத்துக்கும் ஃபில்தான். இந்தக் கடைசி விஷயத்தில் தடுக்கி விழாதவர்கள் குறைவு. இசார்ட்ஸ் என்ற லைப்ரரி இரண்டு விதமாகவும் வரையும். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் கேன்வாஸ்.

எந்த லைப்ரரியாக இருந்தாலும் முதலில் சார்ட்டின் மேல் ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் போங்கள். கேன்வாஸா எஸ்விஜியா என்று தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எங்கள் நிறங்களுக்கெல்லாம் பெயர் வைத்து சிஎஸ்எஸ் வேரியபிள்களில் வைத்திருக்கிறோம். அதையே சார்ட்டுக்குக் கொடுத்தால் ஏற்கவில்லை. டார்க் மோடும் வேண்டும்.

முதல் கேள்வியின் தம்பிதான் இது. கேன்வாஸுக்கு வேரியபிள் புரியாது. புரியாத நிறத்தைக் கொடுத்தால் எரர் கூடக் காட்டாமல் முன்பிருந்த நிறத்திலேயே வரைந்துவிட்டுப் போய்விடும். ஆகவே பிரவுசரின் கெட்கம்ப்யூட்டட்ஸ்டைல் ஃபங்ஷன் வழியாக வேரியபிளின் மதிப்பைப் படித்து, ஓரத்து இடைவெளியை ட்ரிம் செய்து, அதைச் சார்ட்டிடம் கொடுங்கள். தீம் மாறும்போது மறுபடி படித்து, ஆப்ஷன்களில் வைத்து, சார்ட்டின் அப்டேட் ஃபங்ஷனை அழைக்க வேண்டும். சிஸ்டம் தீமைப் பின்பற்றுவதானால், அது மாறுவதைச் சொல்லும் மேட்ச்மீடியாவின் சேஞ்ச் நிகழ்வைக் கவனியுங்கள்.

பலர் பின்னணியை மட்டும் கறுப்பாக்கிவிட்டு அச்சு எழுத்தையும் கிரிட் கோடுகளையும் மறந்துவிடுகிறார்கள். சார்ட்.ஜேஎஸ்ஸின் டிஃபால்ட்ஸில் கலர், பார்டர்கலர் இரண்டையும் மாற்றினால் அவை பெரும்பாலும் சரியாகிவிடும். கிரிட் கோடு எவ்வளவு மங்கலோ அவ்வளவு நல்லது.

மொபைலில் சார்ட் மங்கலாகத் தெரிகிறது.

கேன்வாஸ் டேகுக்கு நேரடியாக சிஎஸ்எஸ்ஸில் அகலம், உயரம் கொடுத்திருப்பீர்கள். அளவு சொல்லாத கேன்வாஸ் 300-க்கு 150 பிக்சல். அதை சிஎஸ்எஸ் இழுத்தால் படம் இழுபட்டது போலத்தான் வரும். வெளியே ஒரு டிவ் வைத்து, அதற்கு பொசிஷன் ரிலேட்டிவும் உயரமும் கொடுத்து, சார்ட்.ஜேஎஸ்ஸின் மெயின்டெய்ன் ஆஸ்பெக்ட் ரேஷியோ ஆப்ஷனை ஃபால்ஸ் ஆக்குங்கள். லைப்ரரி இல்லாமல் கையால் வரைகிறீர்கள் என்றால் கேன்வாஸின் அளவை டிவைஸ் பிக்சல் ரேஷியோவால் (திரையின் பிக்சல் அடர்த்தி விகிதம்) பெருக்குவது உங்கள் வேலை.

12 கோடுகள் உள்ள லைன் சார்ட்டுக்கு நல்ல 12 நிறங்கள் சொல்லுங்களேன்.

சொல்ல மாட்டேன். 12 நிறங்களை லெஜெண்டோடு (எந்த நிறம் எது என்று சொல்லும் பட்டியல்) ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இருக்காது. பார்க்க வேண்டிய ஒன்றிரண்டு கோடுகளுக்கு அழுத்தமான நிறம், மற்றதெல்லாம் சாம்பல். பெயரைக் கோட்டின் நுனியிலேயே எழுதிவிட்டால் லெஜெண்டே வேண்டாம். எட்டுக்குள் அடங்கினால் ஒகாபே-இட்டோ நிறத் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நிறக்குருடு உள்ளவர்களையும் மனதில் வைத்துத் தேர்ந்த 8 நிறங்கள் அவை. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது சிரமம். லாபம் பச்சை, நஷ்டம் சிவப்பு என்று மட்டும் வைத்தால் அவர்களுக்கு அது ஒரே நிறமாகத் தெரியக்கூடும். நிறத்தோடு புள்ளிக்கோடு, குறியீடு என்று இன்னொரு அடையாளமும் இருக்கட்டும். கோட்டுக்கும் பின்னணிக்கும் குறைந்தது 3:1 கான்ட்ராஸ்ட் வேண்டும் என்கிறது இணைய அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.1.

பை சார்ட்டை 3டி ஆக்குவது எப்படி?

ஆக்காதீர்கள். சாய்த்து வைத்தால் முன்பக்கத் துண்டு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.

இணையத்தில் கிடைத்த நிரலை அப்படியே போட்டேன். எரர் இல்லை, ஆனால் எழுத்தின் நிறமும் லெஜெண்டும் மாறவில்லை.

அது சார்ட்.ஜேஎஸ்ஸின் 2-ஆம் பதிப்புக்கான நிரலாக இருக்கும். 3-ஆம் பதிப்பிலிருந்து ஒய்ஆக்ஸிஸ் என்ற அரே (பட்டியல்) போய், ஸ்கேல்ஸுக்குள் நேராக ஒய் வந்துவிட்டது. ஃபான்ட்கலர் வெறும் கலர் ஆனது. லெஜெண்ட், ப்ளகின்ஸுக்குள் குடிபோய்விட்டது. தெரியாத ஆப்ஷனைப் பார்த்தால் சார்ட்.ஜேஎஸ் வாய் திறக்காது, அதுதான் தொல்லை.

தமிழ் லேபிள்கள் நீளமாக இருப்பதால் ஜாவாஸ்கிரிப்ட்டின் ஸ்லைஸ் போட்டு வெட்டினேன். சில இடங்களில் புள்ளியும் கொம்பும் காணாமல் போகின்றன.

'கொ' நமக்கு ஓர் எழுத்து, ஸ்லைஸுக்கு இரண்டு. நடுவில் வெட்டினால் 'க' மட்டும் மிஞ்சும். ஜாவாஸ்கிரிப்ட்டின் Intl.Segmenter வசதியால் எழுத்து எழுத்தாகப் பிரித்து, பிறகு வெட்டுங்கள். அதைவிட, சார்ட்.ஜேஎஸ்ஸின் இன்டெக்ஸ் ஆக்ஸிஸ் ஆப்ஷனை ஒய் ஆக்கி பார்களைப் படுக்கவைத்துப் பாருங்கள். பெரும்பாலும் வெட்ட வேண்டிய தேவையே வராது. அப்புறம், வெப் ஃபான்ட் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அது இறங்கி முடிந்த பிறகு சார்ட்டை வரையுங்கள். கேன்வாஸ் ஒருமுறை வரைந்துவிட்டால், ஃபான்ட் வந்து சேர்ந்தாலும் தானாகத் திருத்திக்கொள்ளாது.