மீன்கொத்தியின் அலகு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மரம் செதுக்குவது பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இரண்டு வரியைப் படித்துவிட்டுக் கத்தி வாங்கியவன் நான். பணி ஓய்வுக்குப் பிறகு கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. ஒரு மீன்கொத்திப் படத்தை வைத்துக்கொண்டு செதுக்கினேன். தலையைத் திருப்பிப் பார்க்கும் படம். இறகுகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். அலகு ஒடிந்தது. வேறு கட்டையில் செய்தேன், அதிலும் ஒடிந்தது. ஒடிவதற்கு முன் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். பேத்தி அதைக் கோழி என்கிறாள். நல்ல உளிகள் வாங்கினால் சரியாகுமா? வகுப்புக்குப் போக வேண்டுமா? எந்திரமே இதைவிட நன்றாகச் செதுக்கும் காலத்தில் இதில் ஏன் நேரத்தைக் கொட்டுகிறேன் என்றும் தோன்றுகிறது. கடைசியாக, வண்ணம் அடிக்கலாமா, எண்ணெய் போதுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

படத்தைப் பார்த்தேன். நான் பேத்தி கட்சி. ஆனால் இறகுகளை வெட்டியிருக்கும் சுத்தத்தைப் பார்த்தால் கத்தி உங்கள் கைக்குப் பழகிவிட்டது தெரிகிறது. அதனால் புது உளி எதுவும் வேண்டாம். பறவைக்கு முன்னால் இறகைச் செதுக்கிவிட்டீர்கள், அவ்வளவுதான் சங்கதி.

அலகை முதலில் முடித்துவிடுவோம். மரம் என்பது நார்க்கற்றை. நாரின் நீளவாக்கில் சீவிய மெல்லிய குச்சி வளைந்து கொடுக்கும். அதே தடிமனில் நாருக்குக் குறுக்கே சீவியது விரல் பட்டாலே போய்விடும். மீன்கொத்தி நிமிர்ந்து உட்காரும் பறவை. உடம்பு மேலும் கீழுமாக, அலகு குறுக்காக. நீங்கள் கட்டையை நார் மேலிருந்து கீழாக ஓடும்படி நிறுத்தியிருக்கிறீர்கள். தலையைத் திருப்பாமல் விட்டிருந்தாலும் அந்த அலகு ஒடிந்துதான் இருக்கும். கட்டையைக் கிடத்தி, நார் அலகின் வாக்கில் ஓடும்படி வைத்துக்கொள்ளுங்கள். அப்போது வால் குறுக்கே வரும். மீன்கொத்திக்கு வால் குட்டை, கொஞ்சம் தடிமனாக விட்டால் தாங்கும்.

தலையைத் திருப்பியே தீர வேண்டுமென்றால் தலையைத் தனிக் கட்டையில் செய்யுங்கள். அலகின் வாக்கில் நார் இருக்கும்படி செதுக்கி, வேண்டிய பக்கம் திருப்பி ஒட்டிவிடலாம். ஒரே கட்டையில் செய்வதுதான் உயர்ந்தது என்று செதுக்குபவர்களிடையே ஒரு வீம்பு உண்டு. அதை நீங்கள் தோளில் தூக்கிக்கொள்ள வேண்டியதில்லை. வட அமெரிக்காவில் வேட்டைக்காக மரப்பறவை செய்தவர்கள் தலையைத் தனியாகச் செய்து பொருத்தியவர்கள்தான். நீள அலகுள்ள கரைப்பறவைகளுக்கு அலகையும் தனியாகச் சீவி முகத்தில் துளை போட்டுச் செருகினார்கள். உங்கள் மூக்கறுந்த பறவைகளுக்கும் இதையே செய்யலாம். முறிந்த இடத்தை மட்டமாகச் சீவி, துளையிட்டு, மூங்கில் குச்சியைச் செருகிச் சீவுங்கள். மூங்கில் நார் ஒடியவே யோசிக்கும்.

வேட்டைக்காரர்களின் இந்த மரவாத்துகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கோழிக்கான பதில் அங்கேதான் இருக்கிறது. வாத்தை மரத்தில் செதுக்கித் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். மேலே பறந்து போகும் காட்டு வாத்துகள் தம் இனம் இருக்கிறது என்று நம்பி இறங்கும். மரத்துக்கு முன்பே பழங்குடிகள் கோரையில் இதைக் கட்டியிருக்கிறார்கள்; 1924-இல் நெவாடாவின் லவ்லாக் குகையில் கிடைத்த கோரை வாத்துகளுக்குச் சுமார் 2000 வயது. பழைய மரவாத்துகள் பலவற்றில் ஒரு இறகுகூட வெட்டியிருக்காது. வழவழவென்ற கட்டை, மேலே இரண்டு மூன்று வண்ணம், அவ்வளவுதான். அதைப் பார்த்து ஏமாந்தது கலைவிமர்சகர் இல்லை, வாத்து! உடலின் பருமனும், கழுத்து அமர்ந்திருக்கும் விதமும், தண்ணீரில் மிதக்கும் சாய்வும் சரியாக இருந்தால் வாத்துக்கே போதும். மேரிலாந்தில் கிரிஸ்ஃபீல்டைச் சேர்ந்த லெம், ஸ்டீவ் வார்ட் சகோதரர்கள் இந்த வேட்டைக் கருவியைச் சிற்பமாக்கியவர்களில் முக்கியமானவர்கள். தொழில் முடிதிருத்துவது. கத்தி பிடித்த கை என்று சும்மா சொல்லிவைக்கிறேன்.

ஆகவே அடுத்த கட்டையில் இறகே வேண்டாம். இரண்டு படம் வரைந்துகொள்ளுங்கள்: பக்கவாட்டுத் தோற்றம் ஒன்று, மேலிருந்து பார்க்கும் தோற்றம் ஒன்று. முக்கால்வாசி திரும்பிய கைபேசிப் படத்தை வைத்து யாராலும் செதுக்க முடியாது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. பக்கவாட்டுக் கோட்டை ரம்பத்தால் அறுத்த பிறகு, மேல் பரப்பில் மற்ற படத்தை வரைந்து அதையும் அறுங்கள். கையில் இருப்பது சதுரமான, அசிங்கமான ஒரு பறவை. அலகு முதல் வால் வரை நடுக்கோடு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். சீவச் சீவ அது அழியும், அழிந்ததும் மறுபடி போடுங்கள். சோம்பல்பட்டு இதை விட்டுவிட்டால் ஒரு கண் மேலேயும் ஒரு கண் கீழேயும் வந்து உட்கார்ந்துவிடும். உங்கள் படத்தில் வந்திருப்பது போல.

சீவும்போது மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போங்கள். மார்பின் உச்சியிலிருந்து வயிற்றுக்கு, முதுகிலிருந்து வாலுக்கு. கழுத்துப் பள்ளத்தில்தான் சிக்கல். தலைப் பக்கத்திலிருந்து இறங்கும் கத்தி, பள்ளத்தின் அடியைத் தாண்டி ஒரு மயிரிழை ஏறினாலும் நாருக்குள் புகுந்து சிராயாகப் பிளக்கும். அடிக்கு வந்ததும் நிறுத்துங்கள். கட்டையைத் திருப்பி முதுகுப் பக்கத்திலிருந்து இறங்கி அதே இடத்தில் சந்தியுங்கள். இரண்டு வெட்டும் சந்தித்தால் சீவல் தானாகக் கழன்று விழும். விழவில்லையென்றால் பிய்க்காதீர்கள், மறுபடி வெட்டுங்கள். கத்தி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு துண்டு மரத்தின் குறுக்குமுனையைச் சீவிப் பாருங்கள். வெட்டிய இடம் பளபளத்தால் கூர்மை சரி. வெளிறிப்போய்ப் பொடிந்தால் தோல்பட்டையில் தீட்டுங்கள். மழுங்கிய கத்திதான் கையைக் கிழிக்கும், ஏனென்றால் அதற்குத்தான் பலம் கொடுத்து அழுத்துகிறோம். கட்டையைப் பிடிக்கும் கைக்கு வெட்டுப்படாத கையுறை போடுங்கள். இதில் வீரம் வேண்டாம்.

மரம் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. படத்தில் தேக்கு போலத் தெரிகிறது. தேக்கு அழகுதான், ஆனால் அதிலுள்ள சிலிக்கா, மணல் போன்ற பொருள், கத்தியை மழுக்கும். குமிழ மரம் கிடைத்தால் பாருங்கள். இளசான, சீரான மரம்.

இப்போது பறவை. மீன்கொத்தியை மீன்கொத்தியாக்குவது உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலையும், இல்லாதது போன்ற கழுத்தும், குட்டைக் காலும். நீங்கள் அதற்குக் கழுத்து கொடுத்துவிட்டீர்கள். கோழி அங்கேதான் நுழைந்தது. கண்ணைத் தலையின் நடுவில் வைத்திருக்கிறீர்கள், மனிதனுக்கு வைப்பது போல. அது வாய்ப்பிளவின் கோட்டுக்குச் சற்று மேலே, அலகை ஒட்டி முன்னால் இருக்க வேண்டும். கால்களும் அப்படித்தான். பறவையின் கால் பின்பக்கமாக மடிவதை முழங்கால் என்று நினைக்கிறோம். அது கணுக்கால், முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கிறது. கிளையைப் பிடித்திருக்கும் பாதம் உடம்பின் எடைக்கு நேர் கீழே வர வேண்டும். உடம்பின் நடுவிலிருந்து நூல் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். நூல் விரல்களைத் தொடவில்லை என்றால், என்னதான் நுணுக்கமாகச் செதுக்கினாலும் பறவை விழப்போவது போலவே இருக்கும்.

இறகு மேல் உங்களுக்கு இருக்கும் ஆசையும் எனக்குப் புரிகிறது. அதற்கு வேறு ஒரு பறவை இருக்கிறது. ரஷ்யாவின் வடபகுதியில் பைன் போன்ற நேரான நாருள்ள மரத்துண்டை ஈரத்தோடு எடுத்து, சிறகுப் பகுதியில் கத்தியால் மெல்லிய தகடுகளாகப் பிளப்பார்கள், அடியில் பிரிந்துவிடாமல். பிறகு ஒவ்வொரு தகடாக விசிறி போல விரித்து, முன்பே தகடுகளில் வெட்டிவைத்த சிறு பள்ளத்தில் ஒன்றை ஒன்று மாட்டிவிடுவார்கள். பசை கிடையாது. இறகை யாரும் செதுக்குவதில்லை, நார் பிளக்கும் வழியிலேயே இறகு வந்துவிடுகிறது. உங்கள் கைக்கு அது வரும் என்று நினைக்கிறேன்.

வகுப்பு பக்கத்தில் இருந்தால் போங்கள், கத்தி தீட்டுவதைக் கண்ணால் பார்க்க நல்லது. எந்திரத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. உங்களுக்குப் பொழுது போக வேண்டும், அதற்குப் போக வேண்டியதில்லை.

அப்புறம் வண்ணம். மீன்கொத்தியின் நீலம் சாயம் அல்ல. இறகின் நுண்ணிய கட்டமைப்பு வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் தெரியும் நீலம் அது. டப்பாவிலிருந்து எடுத்த நீலத்தை நேரே பூசினால் பிளாஸ்டிக் பொம்மை போலாகிவிடும். அடியில் கருமையாக ஒரு பூச்சு கொடுத்து, அதன்மேல் நீலத்தை நீர்த்துப் பல தடவை ஏற்றிப் பாருங்கள். அந்தப் பொறுமை இல்லையென்றால் எண்ணெய் போதும். ஆளிவிதை எண்ணெய் நல்லது. ஆனால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அது காயும்போது சூடாகித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்து வெளியில் காயப்போட்டு, நன்றாக விறைத்த பிறகு தூக்கி எறியுங்கள்.