யாழ்ப்பாணத்து வங்கி வேலையிலிருந்து, எம்பிஏ இல்லாமல், மெக்கின்சி, பிசிஜி, பெய்ன் போன்ற முகாமைத்துவ ஆலோசனை நிறுவனங்களுக்குப் போக முடியுமா?

யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் 7 வருடம், சீமா (முகாமைத்துவக் கணக்கியல் தகைமை) முடித்திருக்கிறேன், எம்பிஏ இல்லை, நேரே விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விண்ணப்பிக்கலாம். வாசல் ஒடுக்கம்தான், ஆனால் எம்பிஏ இல்லாததால் மட்டும் யாரும் வெளியே நிற்பதில்லை. அனுபவத்தோடு போகிறவர்கள் தடுக்கி விழுகிற இடங்கள் வேறு.

முதலாவது, படி. மெக்கின்சியில் அசோசியேட் என்றால் எம்பிஏ முடித்தவர் சேரும் படி. பிசிஜியில் அதே சொல் முதல் பட்டத்தோடு சேருபவரைக் குறிக்கும். எம்பிஏ மட்டப் படிக்கு அங்கேயும் பெய்னிலும் கன்சல்டன்ட் என்று பெயர். பெயரை மட்டும் பார்த்து விண்ணப்பித்தால், பல்கலைக்கழகத்தால் நேற்று வெளியே வந்த பிள்ளைகளின் வரிசையில் போய் நிற்பீர்கள். 7 வருடத்துக்கு நீங்கள் கேட்க வேண்டியது எம்பிஏ மட்டப் படி. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். வங்கியில் பத்துப் பேரை நடத்தியிருந்தாலும் அங்கே ஒரு குழுவில் ஒரு பகுதியைச் சுமப்பவராகத்தான் தொடங்குவீர்கள். வங்கி இடர் முகாமைத்துவம் போன்ற துறைகளுக்கு நிபுணர்களைத் தனியாக எடுப்பதும் உண்டு. உங்கள் கடன் அனுபவம் அதற்கு நேராகப் பொருந்தும், ஆனால் பிறகு வேறு துறை வேலைகளுக்கு மாறுவது கடினம் என்பதையும் யோசியுங்கள்.

சுயவிபரக் கோவை ஒரே பக்கம். எங்கள் ஊரில் வழக்கமாகப் போடுகிற அடையாள அட்டை இலக்கம், சமயம், திருமண நிலை, சாதாரண தரப் பெறுபேறு, உறவினரல்லாத இருவரின் பெயர், கடைசியில் ‘மேற்கூறியவை உண்மை’ என்ற உறுதிமொழி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். உயர்தரத்தில் மாவட்ட நிலை பத்துக்குள் வந்திருந்தால் அதை மட்டும் வைத்திருங்கள், அவர்கள் அதைப் பார்ப்பார்கள். ‘கடன் விண்ணப்பங்களைப் பரிசீலித்தல்’ என்ற வரி எதையும் சொல்லவில்லை. உதாரணத்துக்கு இப்படி எழுதலாம்: ‘4 கிளைகளின் விவசாயக் கடனில் தவணைகளை அறுவடை மாதங்களோடு பொருத்தியதில், நிலுவை 14 மாதத்தில் 11 வீதத்திலிருந்து 6 வீதமாகக் குறைந்தது.’ என்ன செய்தீர்கள், எவ்வளவு மாறியது, எத்தனை நாளில் என்பது ஒரே வரியில் இருக்க வேண்டும். வங்கி வெளியிடாத தொகைகளை எழுதாதீர்கள். இரகசியம் காப்பது இந்தத் தொழிலின் அடிப்படை. சொந்த வங்கியின் கணக்கை வெளியே சொல்பவரை அவர்கள் தங்கள் வாடிக்கையாளரிடம் அனுப்ப மாட்டார்கள்.

பரிந்துரை கிடைத்தால் நல்லது. எங்கள் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்னிலும் இயங்குகின்றன. இந்த நிறுவனங்களில் வேலை செய்பவர்களை லிங்க்ட்இன்னில் தேடுவதோடு, அந்தச் சங்கங்களிடமும் கேளுங்கள். ‘அண்ணை, ஒரு வேலை எடுத்துத் தாங்கோ’ என்று தொடங்க வேண்டாம். 20 நிமிடம் கேட்டு, அவர் செய்யும் வேலையைப் பற்றிக் கேளுங்கள். அவர் மனமுவந்து பரிந்துரைப்பதாகச் சொன்னால், அதன் பிறகு விண்ணப்பியுங்கள். முன்னரே விண்ணப்பித்துவிட்டால் பரிந்துரையை அதோடு சேர்ப்பது பல நேரம் சிக்கலாகும். இடைத்தரகர் யாராவது இந்த நிறுவனங்களுக்கு ஆள் சேர்ப்பதாகக் காசு கேட்டால் அது பொய். அந்த நிறுவனங்கள் விண்ணப்பத்துக்கு ஒரு சதமும் வாங்குவதில்லை.

ஒன்லைன் தேர்வு அடுத்தது. மெக்கின்சியின் சோல்வ் என்ற தேர்வு கணினி விளையாட்டு வடிவில் வரும். பிசிஜி பல இடங்களில் அரட்டைப் பெட்டியில் ஒரு கேஸை, அதாவது ஒரு நிறுவனத்தின் பிரச்சினையை, தீர்க்கத் தரும். இரண்டுக்கும் மாதிரிகளைச் சில நாள் செய்து பார்த்தால் போதும், மாதக் கணக்கில் செலவழிக்க வேண்டாம்.

நேரம் முழுக்கப் போக வேண்டியது கேஸ் நேர்முகத்துக்கு. பெரும்பாலும் இரண்டு சுற்று, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பேர். மெக்கின்சியில் கேட்பவரே உங்களைக் கேள்வி கேள்வியாக நடத்திப் போவார். பிசிஜியிலும் பெய்னிலும் வழியை நீங்கள்தான் வகுக்க வேண்டும். கால்குலேட்டர் கிடையாது.

அனுபவசாலிகள் இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள், அதுவும் தெரிந்த துறையில். ‘ஒரு வங்கியின் கடன் நிலுவை கூடுகிறது, ஏன்?’ என்று கேட்டவுடன் ‘மழை பிழைச்சுப் போச்சு, வெங்காயம் அழிஞ்சு போச்சு’ என்று காரணத்தைச் சொல்லிவிடுவார்கள். அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் பார்ப்பவருக்கு வேண்டியது நீங்கள் பிரித்துத் தேடும் விதம்: நிலுவை புதிய கடனிலா பழைய கடனிலா, எந்தத் தொழில், எந்தக் கிளை, கொடுத்தபோதே பிழையா, அறவிடுவதில் பிழையா. பிரித்த பிறகு, ‘என் அனுபவத்தில் முதலில் இதைப் பார்ப்பேன்’ என்று சொன்னால் அதே அனுபவம் உங்களுக்குப் பலமாகிவிடும்.

கணக்குப் பயிற்சிக்கு ஊரே போதும். யாழ் மாவட்டத்தில் ஒரு நாளில் எத்தனை இறாத்தல் பாண் விற்கும்? சனத்தொகை ஏறத்தாழ 6 இலட்சம். வீட்டுக்கு 4 பேர் என்றால் 1.5 இலட்சம் வீடு. பாதி வீடுகள் வீட்டுக்கொரு இறாத்தல் வாங்கினால் 75,000. சாப்பாட்டுக் கடை, கன்ரீன்களுக்கு 15,000 சேர்த்தால் 90,000. இதோடு நிறுத்திவிடாமல் மறுபக்கத்தால் சரிபாருங்கள். ஒரு பேக்கரி 500 சுட்டால் 180 பேக்கரி வேண்டும். பிரதேச செயலர் பிரிவுகள் 15, ஆகவே பிரிவுக்கு 12. நெடுந்தீவுக்கு அது அதிகம், நல்லூருக்குக் குறைவு, சராசரியாக நம்பலாம். இந்தச் சரிபார்ப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு பொறி: நாங்கள் இலட்சம், கோடியில் நினைக்கிறோம், நேர்முகம் மில்லியனில் நடக்கும். இறாத்தல் 150 ரூபா என்று வைத்தால் மேலே சொன்ன விற்பனை 1.35 கோடி, அதாவது 13.5 மில்லியன். வாயால் மாற்றிச் சொல்லும்போது ஒரு பூச்சியம் தவறினால் முழுக் கேஸும் கவிழும். முதல் நாளிலிருந்தே மில்லியனில் கணக்குப் போடுங்கள். வேலை பார்த்துக்கொண்டு 8 முதல் 10 கிழமைப் பயிற்சி, மொத்தம் 30 கேஸ் அளவு என்பது என் கணிப்பு. அவற்றில் குறைந்தது 20 இன்னொருவர் கேட்க நீங்கள் ஆங்கிலத்தில் வாய்விட்டுச் செய்ததாக இருக்க வேண்டும். தனியே வாசித்த கேஸ் நேர்முகத்தில் உதவாது.

சொந்த அனுபவக் கேள்வியை இலேசாக எடுக்காதீர்கள். மெக்கின்சியில் ஒரே சம்பவத்தைப் பத்துப் பதினைந்து நிமிடம் தோண்டுவார்கள்: அவர் என்ன சொன்னார், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், ஏன் அப்படி? ‘நாங்கள் செய்தோம்’ என்று பேசிப் பழகிய எங்களுக்கு இது கஷ்டம். ‘நாங்கள்’ என்று வரும் இடமெல்லாம் ‘நான்’ செய்தது எது என்று பிரித்து எழுதி வையுங்கள்.

அலுவலகம் தெரிவு செய்யும்போது சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர், டுபாய் என்று எங்கும் தூவாதீர்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு எல்லா இடத்திலும் வேலை விசா வேண்டும். ஏன் அந்த ஊர் என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் காலை 9 மணி என்றால் எங்களுக்கு 6.30. கரண்ட் போனாலும் தாங்குகிற இணைப்பு ஒன்றை முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். சரிவராவிட்டால் அதே நிறுவனத்தில் மறுபடி முயல ஒன்று தொடக்கம் இரண்டு வருடம் பொறுக்க வேண்டி வரும், ஆகவே ஆயத்தமாகாமல் ‘போட்டுப் பார்ப்போம்’ என்று விண்ணப்பிக்காதீர்கள். அந்த இடைவெளியில் இன்சியாட் என்ற வணிகப் பள்ளியின் 10 மாத எம்பிஏ அல்லது ஐதராபாத்திலுள்ள ஐஎஸ்பி வணிகப் பள்ளியின் ஒரு வருடப் படிப்பு இரண்டாவது வாசலாகும்.

கிடைத்துவிட்டால், எழுத்துமூல நியமனமும் விசாவும் கைக்கு வரும்வரை வங்கியில் இராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டாம். அதற்கு முன் வங்கி தந்த உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்து, முன்னறிவித்தல் காலமும், பயிற்சிக்காக எழுதிக் கொடுத்த பிணையும், ஊழியர் கடனில் மிச்சமும் எவ்வளவு என்று பாருங்கள். சேரும் திகதியை அந்தக் கணக்கை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.